போரை இறக்கலாமா, சம்ப் கட்டலாமா, லாரியே போதுமா? வேலூர் வீடுகளுக்கு ஒரு கோடைக் கணக்கு

மாசி முடியும்போதே வேலூர்த் தெருக்களில் ஆழ்துளைக் கிணறு இறக்குகிற போர் வண்டிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் ராத்திரி இறக்கினால், விடிந்ததும் தெருவே வந்து நின்று கேட்கும்: எத்தனை அடியில தண்ணி? அடுத்த கேள்வியும் கூடவே வரும்: நாமும் இறக்கிடலாமா?

கையில் ஒரு லட்சமோ ஒன்றரை லட்சமோ இருக்கிறது, இந்தக் கோடைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும், எதைச் செய்வது? என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவது இதுதான். பழைய போரை ஆழப்படுத்துவதா, தரைக்கடியில் சம்ப் தொட்டி கட்டுவதா, தேவைப்படும்போது டேங்கர் சொல்லிக்கொள்வதா, மூடிக் கிடக்கிற கிணற்றைத் திறப்பதா? முதலிலேயே என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலூரில் பெரும்பாலான வீடுகளுக்கு போர் கடைசியில் வரவேண்டியது. ஆனால் அதைத்தான் எல்லாரும் முதலில் செய்கிறார்கள். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

## நம் ஊர்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது

வேலூரைப் பற்றிப் பழைய கிண்டல் ஒன்று உண்டு: அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை, தண்ணீர் இல்லாத ஆறு. 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டதால் பட்டியலில் ஒன்று குறைந்தது. ஆற்றைப் பற்றிய வரி மட்டும் பெரும்பாலான வருடங்களில் பொய்யாவதில்லை. பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தில் கொஞ்ச தூரம் ஓடி, தமிழ்நாட்டில்தான் அதிக தூரம், ஏறத்தாழ 222 கிலோமீட்டர், ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. மேலே ஏரிகளும் தடுப்பணைகளும் நிரம்பி வழிந்தால்தான் நமக்கு. வாணியம்பாடிக்கு மேலே புல்லூரில் ஆந்திர அரசு 2016இல் தடுப்பணையை உயர்த்திய பிறகு அந்த வழிதலும் குறைந்தது. 2021 நவம்பர் மாதிரி இரு கரையும் தொட்டு வெள்ளம் வருவது எப்போதோ ஒருமுறை.

ஆனாலும் பாலாறு வெறும் மணல் இல்லை. மணலுக்கு அடியில் நிற்கிற தண்ணீரைத்தான் ஆற்றுப் படுகைக் கிணறுகள் ஊருக்கு அனுப்பின. கூடவே பொன்னை ஆறு, ஓட்டேரி ஏரி, அங்கங்கே மாநகராட்சி போர்கள். இப்போது பெரிய பாரத்தைச் சுமப்பது மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம். நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து பம்ப் செய்து வரும் தண்ணீர். நடுவே எங்கே குழாய் உடைந்தாலும், எந்த நீரேற்று நிலையத்தில் கரண்ட் போனாலும் காட்பாடிக் குழாயில் காற்றுதான் வரும்.

அந்தக் காவிரித் தண்ணீரின் மதிப்பு 2019 கோடையில் ஊருக்கே தெரிந்தது. ஜூலை 12ஆம் தேதி, 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரை ஏற்றிக்கொண்டு ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் புறப்பட்டது. அப்போது ஜோலார்பேட்டை வேலூர் மாவட்டம்தான். திருப்பத்தூர் தனி மாவட்டமானது அந்த வருட நவம்பரில். வறண்ட வட ஆற்காட்டிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் போவதைப் பார்த்து நம்மவர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது. அதே சமயம், பஞ்சத்திலும் ரயிலில் ஏற்றி அனுப்புகிற அளவுக்குக் கடைசி வரை ஓடியது குழாய்த் தண்ணீர்தான் என்பதும் அன்றைக்கே தெரிந்தது.

## எதை வைத்து அளப்பது

வழிகளை ஒப்பிடும் முன் அளவுகோலைப் பேசிக்கொள்வோம். எனக்கு நாலு கேள்விகள் போதும்.

முதலாவது, சித்திரை, வைகாசியில் கிடைக்குமா? கார்த்திகையில் எல்லா போரிலும் தண்ணீர் வரும். அது பேச்சே இல்லை. 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தார்களே, அப்படி ஒரு வருடத்தில் நிற்குமா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது, ஆயிரம் லிட்டருக்கு என்ன விலை? போட்ட முதல், கரண்ட், ரிப்பேர் எல்லாம் சேர்த்து.

மூன்றாவது, தரம். குடிக்க ஆகுமா, சமைக்க ஆகுமா, துவைக்க மட்டும்தானா?

நான்காவதைப் பலர் கேட்பதில்லை: பிடி யார் கையில்? லாரிக்காரர் கையிலா, மாநகராட்சி கையிலா, நம் கையிலா?

இதோடு ஒரு எண் தெரிந்திருக்க வேண்டும்: உங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் கணக்கு. ஐந்து பேருக்கு 675. பஞ்ச காலத்தில் கொஞ்சம் பார்த்துச் செலவழித்தால் 500இல் வண்டி ஓடும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த 500 லிட்டரை வைத்தே கணக்கு.

## ஒரே பார்வையில்

| வழி | கோடையில் நிற்குமா | முதலீடு | ஆயிரம் லிட்டர் விலை | தரம் | பிடி யார் கையில் |
|---|---|---|---|---|---|
| மாநகராட்சிக் குழாய் + சம்ப் | முறை தள்ளிப்போகும், அடியோடு நிற்பது அரிது | நடுத்தரம் | மிகக் குறைவு | நல்லது. கொதிக்கவைத்துக் குடிக்கலாம் | மாநகராட்சி, பாதி நாம் |
| போர் (புதிது அல்லது ஆழப்படுத்துதல்) | சொல்ல முடியாது | அதிகம் | போர் எத்தனை வருடம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது | பெரும்பாலும் உப்பு, கடினம் | பாறையும் பக்கத்து வீடும் |
| டேங்கர் | கிடைக்கும், ஆனால் காத்திருக்கணும் | சம்ப் மட்டும் | அதிகம். கோடையில் இன்னும் ஏறும் | கிணற்றைப் பொறுத்தது | லாரிக்காரர் |
| பழைய கிணறு + மழைநீர் | மழை பெய்த வருடத்துக்கு அடுத்த கோடையில் உதவும் | குறைவு | குறைவு | புழக்கத்துக்கு | நாமும் மழையும் |
| வீட்டுச் செலவைக் குறைத்தல் | எப்போதும் | மிகக் குறைவு | கணக்கே இல்லை | பொருந்தாது | நாம் |

## குழாயும் சம்பும்

தொட்டப்பாளையம், கொசப்பேட்டை மாதிரி பழைய பகுதிகளில் வீட்டு வாசலில் இரண்டடி, மூன்றடிக் குழி தோண்டி, அதற்குள்ளே குழாயைத் திறந்துவிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குடம் குழிக்குள் நிற்கும்; மேலே நிற்பவர் கயிற்றைக் கட்டியோ, குனிந்தோ எடுப்பார். பார்க்க அலங்கோலம். ஆனால் அதற்குள் நல்ல பாடம் இருக்கிறது. அழுத்தம் குறைந்த குழாயில், வாய் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு வரத்து கூடும். தரைக்கு மேல் மூன்றடியில் சொட்டுகிற குழாய், தரைக்குக் கீழே சம்புக்குள் இறக்கினால் ஓடும். சம்பின் முதல் பலன் சேமிப்பு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். வரத்தைக் கூட்டுவதும் அதே அளவு பலன்.

சம்ப் கட்டும் முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். தண்ணீர் விடுகிற அன்று, தரைமட்டத்துக்கு முடிந்த அளவு கீழே ஒரு 15 லிட்டர் பக்கெட்டை வைத்து எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 90 விநாடி ஆனால் நிமிடத்துக்கு 10 லிட்டர். இரண்டு மணி நேரம் விட்டால் 1,200 லிட்டர். ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் விடுகிறார்கள் என்றால் ஐந்து பேர் வீட்டுக்கு அது ஆளுக்கு 48 லிட்டர்தான். இந்த நிலையில் 10,000 லிட்டர் சம்ப் கட்டினால் அது பாதியும் நிரம்பாது. காசு மண்ணுக்குள் போனதுதான் மிச்சம். முதலில் இணைப்பைப் பார்க்கணும். துருப்பிடித்த பழைய இரும்புக் குழாயா, நடுவில் எங்கோ கசிகிறதா, மெயினிலிருந்து வரும் வளைவில் மண் அடைத்திருக்கிறதா என்று பிளம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தால் பல வீடுகளில் வரத்து நன்றாகவே கூடும்.

அளவு எவ்வளவு? இடம் இருந்தால் 7 அடிக்கு 6 அடி, 6 அடி ஆழம் என்பது என் சிபாரிசு. 252 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் என்று பார்த்தால் 7,100 லிட்டர் சொச்சம். மேலே அரையடி விட்டால் 6,500. ஐந்தாயிரம் லிட்டர் சம்ப்தான் பலரும் கட்டுவது. அதில் ஒரு சிக்கல் உண்டு. ஐந்தாயிரம் லிட்டர் டேங்கர் வரும்போது உள்ளே ஆயிரம் லிட்டர் மிச்சம் இருந்தால் முழு லோடும் இறங்காது. முழு லோடுக்குக் காசு கொடுத்துவிட்டு மீதியைத் தெருவில் விடவேண்டி வரும், அல்லது தண்ணீர் தீரும் வரை காத்திருந்து லாரி சொல்லவேண்டி வரும்.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. பூச்சுக்குள் நீர்க்கசிவுத் தடுப்பு போடாவிட்டால் இரண்டாவது வருடமே தண்ணீர் குறையும். செப்டிக் டேங்குக்கும் சாக்கடைக்கும் பக்கத்தில் கட்டினால் அந்தச் சம்பைப் பிறகு நம்பவே முடியாது. மூடி சரியாக மூடாவிட்டால் டெங்குக் கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். குழந்தைகள் இருக்கிற வீட்டில் மூடிக்குப் பூட்டும் வேண்டும்.

இன்னொன்று. குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சாதீர்கள். பிடித்தால் மாநகராட்சி மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விடும், அது கிடக்கட்டும். உறிஞ்சும்போது குழாயில் எங்கே விரிசல் இருந்தாலும் அதைச் சுற்றி நிற்கிற சாக்கடைத் தண்ணீரும் உள்ளே வரும். தெரு முழுக்க வயிற்றுப்போக்கு வருவதற்கு அப்படி ஒரு மோட்டார் போதும்.

## போர்

வேலூர் பாறை ஊர். மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே கருங்கல். தண்ணீர் நிற்பது சிதைந்த பாறையிலும், கருங்கல்லின் வெடிப்புகளிலும்தான். "கீழே போகப் போகத் தண்ணி" என்பது ஆற்று வண்டல் ஊர்க்காரர்களுக்கு ஓரளவு பொருந்தும். பாறையில் ஆழம் போகப் போக வெடிப்புகள் குறைந்துகொண்டே போகும். 400 அடியில் கிடைக்காதது 900 அடியில் கிடைக்கலாம். கிடைக்காமல் வெறும் புழுதி பறக்கவும் கூடும். வண்டிக்காரர் இரண்டுக்கும் ஒரே ரேட்தான் வாங்குவார்.

அந்த ரேட்டையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சொல்லுகிற அடி ரேட் மேல் முந்நூறு அடிக்குத்தான் பெரும்பாலும். அதற்குக் கீழே நூறடிக்கு நூறடி ஏறும். மேல்மண் சரியாமல் இறக்குகிற கேசிங் பைப் தனிக் கணக்கு. இறக்குகிற ராடு எத்தனை அடி என்று முதலிலேயே கேட்டுவைத்துக்கொண்டு, ஒருவர் பக்கத்தில் நின்று ராடுகளை எண்ண வேண்டும், கேசிங்கையும் அப்படியே. ராத்திரியில் இறக்கினால் தூங்கப் போகாதீர்கள்.

போரோடு முடிகிறதா? 400 அடிக்கு வாங்கிய மோட்டார் 800 அடிக்கு இழுக்காது. புது மோட்டார், அதற்குக் கேபிள், பைப், கயிறு, பேனல் என்று போர் போட்ட காசுக்குச் சமமாக இன்னொரு பில் வரும். கரண்ட் கணக்கையும் பாருங்கள். ஆயிரம் லிட்டரை 500 அடியிலிருந்து மேலே கொண்டுவர, மோட்டாரின் இழப்பெல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஒரு யூனிட். ஆயிரம் அடி என்றால் இரண்டு யூனிட். தினம் 500 லிட்டர் இறைக்கிற வீட்டில் ஆயிரம் அடி போர் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட் தின்னும். இலவசமாகக் கிடைக்கிற 100 யூனிட்டில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். ஏசி உள்ள வீட்டில் கட்டண ஸ்லாப்பே மாறும்.

இப்போது முக்கியக் கணக்கு. போருக்கும் மோட்டாருக்கும் சேர்த்து ஒரு லட்சம் போட்டதாக வைத்துக்கொள்வோம். தினம் 500 லிட்டர் வீதம் பத்து வருடம் ஓடினால், கரண்ட் நீங்கலாக ஆயிரம் லிட்டருக்கு 55 ரூபாய்தான். மலிவு. அதே போர் மூன்றே வருடத்தில் காய்ந்தால் ஆயிரம் லிட்டருக்கு 183 ரூபாய். மலிவா, விலை அதிகமா என்பது போர் போட்ட அன்று தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் அடுத்த வைகாசியில் உங்களைவிட இருநூறு அடி ஆழமாக இறக்கும்போது தெரியும். ஒரே வெடிப்பைத்தான் இரண்டு பேரும் உறிஞ்சுகிறோம். ஆழமானவர் ஜெயிப்பார், அதுவும் மூன்றாம் வீட்டுக்காரர் இறக்கும் வரைக்கும்.

தரத்தைப் பற்றி நம் வட்டாரத்தில் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். ஆழமான பாறைத் தண்ணீரில் ஃப்ளோரைடு கலக்க வாய்ப்பு உண்டு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரில் இறங்கிய கதை ஊரறிந்தது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 'மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும்' என்று தீர்ப்பளித்தது. பாலாறு மாசு பற்றி 2025 ஜனவரியில் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. இடையில் 28 வருடங்கள். அந்தப் பகுதிகளில் போர் போடுகிறவர்கள் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்காமல் ஒரு சொம்புகூடச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் போர்தான் சரி என்கிற இடங்கள் இருக்கின்றன. குழாய் இணைப்பே வராத புது லேஅவுட்டுகள். கழனியைப் பிளாட் போட்டு விற்ற, ஏரிக்கு அருகிலோ ஆற்றோரமோ உள்ள மனைகள். அங்கே போர் போடுங்கள். ஆனால் நாலு விஷயம். தேங்காய், வேப்பங்குச்சியை மட்டும் நம்பாமல் தரை மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று கருவி வைத்து அளந்து பார்க்கிற நிலத்தடி நீர் ஆளையும் கூப்பிடுங்கள். பழைய போர் இருந்தால் புதிது போடும் முன் ஃபிளஷிங், அதாவது காற்றடித்துச் சுத்தம், செய்து பாருங்கள். வெடிப்புகளில் சேறு அடைத்திருந்தால் அதிலேயே தண்ணீர் திரும்பிவிடுவதுண்டு, செலவும் குறைவு. "ரெண்டு இஞ்ச் தண்ணி" என்று வண்டிக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், மூன்று மணி நேரம் விடாமல் மோட்டார் ஓட்டி, வற்றினால் மறுபடி ஊற எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். கடைசியாக, தையில் போர் போட்டால் வண்டி மலிவாகக் கிடைக்கும், ஆனால் தண்ணீர் உங்களை ஏமாற்றும். வைகாசியில் போட்டால் வண்டி விலை. கிடைக்கிற தண்ணீர் உண்மை.

## டேங்கர்

இதில் பேச அதிகம் இல்லை. அவசரத்துக்கு இதைப்போல் ஒன்று கிடையாது; பழக்கமாக்கிக்கொண்டால் இதைப்போல் செலவும் கிடையாது. கொசப்பேட்டைச் சந்துகளுக்குள் லாரி நுழையாது, டிராக்டர் டேங்கர்தான். ஹோஸ் நீளம் கூடினால் அதற்கும் காசு. முகூர்த்த நாளில் மண்டபங்களுக்குப் போக மிச்சம்தான் வீடுகளுக்கு.

அளவில் ஏமாறாமல் இருக்க ஒரு வழி. மேலே சொன்ன 7க்கு 6 அடி சம்பில் ஓரடி உயரம் என்பது ஏறத்தாழ 1,190 லிட்டர். ஐந்தாயிரம் லிட்டர் இறங்கினால் நாலடிக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். ஒரு குச்சியில் அடிக்கு அடி கோடு போட்டுச் சம்போரம் சாய்த்துவைத்தால் போதும். குச்சியைப் பார்த்ததுமே அடுத்த தடவையிலிருந்து லோடு சரியாக வரும்.

எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேளுங்கள். ஊரைச் சுற்றியுள்ள விவசாயக் கிணறுகளிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. விவசாயத்துக்கு என்று கொடுத்த இலவச மின்சாரத்தில் இறைத்து, ஊருக்கு விற்று, அந்தக் கிராமத்தின் கிணறுகள் வற்றுகின்றன. காசு கொடுக்கிற நமக்கு அதில் பங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. தரத்துக்கும் யாரும் பொறுப்பில்லை. துவைக்க, கழுவ, குளிக்க என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

## மூடிய கிணறும் மொட்டைமாடியும்

வேலப்பாடி, சைதாப்பேட்டை, தொட்டப்பாளையத்துப் பழைய வீடுகளில் பின்கட்டில் ஒரு கிணறு இருக்கும். போர் வந்ததும் அதன் மேல் கடப்பா கல்லைப் போட்டு, கல்லின் மேல் துவைக்கிற மெஷினை வைத்திருப்பார்கள். புதுப் போர் போடுகிற காசில் சின்னப் பங்கு இருந்தால் இந்தக் கிணற்றை மீட்கலாம்.

மழைக் கணக்கு நமக்குச் சாதகம். சென்னைக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரும்பங்கு. வட ஆற்காட்டுக்கு ஆடி, ஆவணி மாலை இடிமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு சாதாரண வருடத்தில் ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் பெய்யும். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 93 லிட்டர். தெறித்து, ஆவியாகி, மாடியைக் கழுவி வீணாவது போக வருடத்துக்கு 65,000 லிட்டருக்கு மேல் கைக்கு வரும். நம் 500 லிட்டர் வீட்டுக்கு நாலு மாதத்துத் தண்ணீர். இதைத்தான் இப்போது தெருச் சாக்கடைக்கு வார்த்துக்கொண்டிருக்கிறோம்.

2003இல் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அது என்ன ஆயிற்று? பைப் இருக்கிறது. அந்தப் பைப் போய் முடிகிற குழிக்குள் இருபது வருட மண்ணும் இலையும் இருக்கின்றன. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஆனி மாதத்தில் ஓர் ஆளைவிட்டு அந்தக் குழியில் ஜல்லியை வெளியே எடுத்துக் கழுவி, மண்ணை வாரி, மறுபடி அடுக்கினால் போதும். கிணறு இருக்கிற வீட்டில் மாடிப் பைப்பை ஜல்லியும் மணலும் போட்ட ஒரு தொட்டி வழியாகக் கிணற்றுக்குள் விடலாம். முதல் மழை மாடியைக் கழுவட்டும். அதை வெளியே விட்டுவிடுங்கள்.

கிணற்றைத் தூர் வாரும்போது கவனம். வருடக்கணக்காக மூடிக் கிடந்த கிணற்றில் ஆளை இறக்குவது உயிர் விஷயம். விளக்கை இறக்கி, அணையவில்லை என்றால் காற்று இருக்கிறது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். விளக்கு எரிந்தாலும் செப்டிக் டேங்க் கசிவிலிருந்து வரும் விஷவாயு உள்ளே இருக்கலாம். ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, புளோயர் வைத்துக் காற்றை ஓட்டி, இடுப்பில் கயிறும் மேலே இரண்டு ஆட்களும் இல்லாமல் யாரையும் இறங்கவிடாதீர்கள். செப்டிக் டேங்க் ஒட்டியே இருந்தால் அந்தக் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் புழங்கவும் வேண்டாம், அதற்குள் மழைநீரை விடவும் வேண்டாம்.

இந்த வழியின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். நாம் இறக்குகிற தண்ணீர் நம் வீட்டுக்கடியிலேயே நின்றுகொண்டிருக்காது. பக்கத்து வீட்டு போரிலும் வரும். ஒரு வீடு மட்டும் செய்தால் பலன் தெருவில் கரைந்துவிடும்; பத்து வீடு செய்தால் பத்துக்கும் தெரியும். கணியம்பாடிப் பக்கம் நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் உறை இறக்கி, தண்ணீரை நிலத்துக்குள் அனுப்புகிற ரீசார்ஜ் கிணறுகள் கட்டினார்கள். கல் அடுக்கித் தண்ணீரின் வேகத்தைக் குறைத்தார்கள். அந்த வேலை ஒரு கழனியில் நடக்கவில்லை, ஆறு நெடுகிலும் நடந்தது. தெருவுக்கும் அதே விதிதான். இன்னொன்று, இந்தக் கோடைக்கு இது உதவாது. இந்த வருடம் செய்தால் அடுத்த சித்திரையில் தெரியும்.

## வாங்குவதற்கு முன், குறைப்பது

பழைய கக்கூஸ் தொட்டி ஒரு இழுப்புக்குப் பத்து லிட்டர் விடும். ஐந்து பேர் வீட்டில் ஒரு நாளைக்கு 25 இழுப்பு என்றால் 250 லிட்டர். நம் பஞ்சக் கணக்கில் சரிபாதி! மூன்று லிட்டர், ஆறு லிட்டர் என்று இரண்டு பட்டன் உள்ள தொட்டியாக மாற்றினால் அது 90 லிட்டருக்கு இறங்கும். நாளைக்கு 160 லிட்டர் மிச்சம், மாதத்துக்கு 4,800. அதாவது மாதம் ஒரு டிராக்டர் டேங்கர். தொட்டி மாற்றுகிற செலவு சில டேங்கர்களிலேயே திரும்பிவிடும். மாற்ற முடியாத வாடகை வீட்டில் தொட்டிக்குள் தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் இரண்டைப் போட்டுவையுங்கள். கசிகிறதா என்று பார்க்கத் தொட்டியில் கொஞ்சம் மஞ்சள் கரைத்துவிடுங்கள். இழுக்காமலே கீழே மஞ்சள் தெரிந்தால் வாஷர் போயிருக்கிறது.

ஆர்.ஓ. வைத்திருப்பவர்கள் அதன் கழிவுக் குழாயை ஒரு பக்கெட்டில் விடுங்கள். ஒரு லிட்டர் குடிக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிற மெஷின் அது. அந்தத் தண்ணீரில் வீடு துடைக்கலாம், கக்கூஸ் கழுவலாம். செடிக்கு வேண்டாம், உப்பு ஏறும். குழாயில் வருவது காவிரித் தண்ணீர்தான் என்றால், அதன் உப்பு அளவை ஒருமுறை பார்த்துவிட்டு ஆர்.ஓ. தேவையா என்று முடிவு செய்யுங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் தேவையில்லை, கொதிக்கவைத்தால் போதும்.

கேன் தண்ணீருக்கு ஒரே வரி: 20 லிட்டர் கேன் 35 ரூபாய் என்றால் ஆயிரம் லிட்டர் 1,750 ரூபாய். குடிக்க மட்டும் என்றால் தாங்கும். அரிசி களையவும் சாம்பாருக்கும் அதையே ஊற்றுகிற வீட்டில் மாதக் கடைசியில் கணக்கு வலிக்கும்.

## யாருக்கு எது

மாநகராட்சி இணைப்பும் சொந்த வீடும் இருந்தால்: கக்கூஸ் தொட்டி, பிறகு குழாய் இணைப்புச் சோதனை, பிறகு சம்ப். இந்த மூன்றுக்குப் பிறகும் போதவில்லை என்றால் மட்டும் போரைப் பற்றி யோசியுங்கள். சம்பு தோண்டும்போதே மாடி மழைப் பைப்பில் ஒரு வால்வு வைத்து, வேண்டும்போது சம்புக்குத் திருப்பிக்கொள்ள வசதி செய்துவிடுங்கள். வைகாசியில் ஒரு மாலை 20 மில்லிமீட்டர் கோடை மழை அடித்தால் ஆயிரம் சதுர அடி மாடியிலிருந்து 1,500 லிட்டர் இறங்கும்.

பழைய கிணறு இருக்கிற வீட்டுக்காரர்கள் சம்புக்கும் முன்னால் கிணற்றைப் பாருங்கள்.

மாடி போர்ஷனில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு முதலீடு என்ற பேச்சே கிடையாது. ஐநூறு லிட்டர் பிளாஸ்டிக் டிரம் இரண்டு, தொட்டிக்குள் பாட்டில், கீழ்வீட்டோடும் மேல்வீட்டோடும் சேர்ந்து ஒரே லோடு டேங்கர் சொல்லிப் பகிர்வது. புது வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்கிறதுக்கு முன்னால் "போன சித்திரையில எத்தன லாரி வாங்கினீங்க?" என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஹவுஸ் ஓனரைக் கேட்டால் வேறு பதில் வரும்.

ஐடா ஸ்கடர் ரோடு, பாபு ராவ் தெருப் பக்கம் லாட்ஜும் மெஸ்ஸும் நடத்துகிறவர்களின் கணக்கே வேறு. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிற வெளியூர் நோயாளிகளும் கூட வருகிறவர்களும் மாதக்கணக்கில் தங்கி அங்கேயே சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். அறைக்கு ஓர் ஆள் என்று கணக்குப் போட்டால் தப்பாகும். அவர்களுக்கு டேங்கர் தவிர்க்க முடியாதது. ஒரே ஆளிடம் வருட ஒப்பந்தமாகப் பேசிவிடுவது கோடை விலையிலிருந்து காப்பாற்றும். அறைக் குழாய்களுக்கெல்லாம் நீர்ச்சிக்கன மூக்கு மாட்டுவது இரண்டே நாள் வேலை.

அப்பார்ட்மென்ட்காரர்கள் பிளாட்டுக்குப் பிளாட் தண்ணீர் மீட்டர் வைக்காமல் வேறு எதைச் செய்தாலும் சண்டைதான் மிஞ்சும். மீட்டர் வைத்த பிறகு, யார் வீட்டு கக்கூஸ் தொட்டி கசிகிறது என்பதைத் தேடிப்போக வேண்டாம், பில்லே சொல்லிவிடும்.

குழாய் இல்லாத புது லேஅவுட்டில் மனைக்கு மனை போர் போடாமல், ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு நல்ல போர், ஒரு பொதுத் தொட்டி என்று போனால் முதலும் குறையும், ஒரே வெடிப்பைப் போட்டி போட்டு உறிஞ்சுகிற கூத்தும் இருக்காது. கரண்ட் பில்லை யார் பெயரில் போடுவது என்பதில்தான் இது பெரும்பாலும் உடைகிறது. அதை முதல் கூட்டத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், காய்ந்துபோன பழைய போர் வீட்டில் இருந்தால் அதன் வாயை இன்றைக்கே இரும்பு மூடி போட்டு வெல்டு செய்யுங்கள். சாக்கை மடித்து அடைப்பதும், மேலே கல்லை வைப்பதும் போதாது.